சைக்கடெலிக் சிகிச்சையும் மூச்சுப் பயிற்சியும்: வாசகர் கேள்விகளுக்கு உளமருத்துவர் பதில்

வெளிநாட்டு உறவுகள் வழியாக சைக்கடெலிக் சிகிச்சை, அதாவது மனநிலையையும் உணர்வையும் மாற்றும் மருந்துகளைக் கொடுத்துச் செய்யும் உளச்சிகிச்சை பற்றிய பேச்சு யாழ்ப்பாணத்து வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டது. கூடவே மூச்சுப் பயிற்சி பற்றிய சந்தேகங்களும். கேள்விகளைச் சுருக்கி, ஆட்களைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களை எடுத்துவிட்டுத் தருகிறேன்.

கேள்வி: மெல்பேர்ணில் இருக்கும் தம்பியை இறுதி யுத்தக் காலத்து நினைவுகள் இன்னும் விடவில்லை. எம்.டி.எம்.ஏ கொடுத்துச் செய்யும் சிகிச்சைக்கு அங்குள்ள உளமருத்துவர் ஒழுங்கு செய்கிறார். அதற்கு முன் மூச்சுப் பயிற்சி பழகச் சொன்னார்களாம். போதைக் குளிசைக்கும் மூச்சுக்கும் என்ன சம்பந்தம்? (ஒரு அக்கா, கோண்டாவில்)

தம்பி களவாக ஒன்றும் செய்யவில்லை, முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். 2023 யூலை 1 முதல் அவுஸ்திரேலியாவில், இதற்கென அனுமதி பெற்ற உளமருத்துவர்கள் மனவடுவுக்கு எம்.டி.எம்.ஏயும், வேறு மருந்துக்கு மசியாத மனச்சோர்வுக்குச் சிலோசைபினும் (சிலவகைக் காளான்களில் உள்ள மருந்து) கொடுக்கலாம். குளிசையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிற கதை இல்லை. முதலில் ஆயத்தச் சந்திப்புகள் நடக்கும். மருந்து எடுக்கும் நாளில் ஆறு, எட்டு மணித்தியாலம் பயிற்சி பெற்றவர்கள் பக்கத்திலேயே இருப்பார்கள். அதன்பிறகு, வெளியே வந்ததைப் பேசிப் பொருள் காணும் சந்திப்புகள்.

எம்.டி.எம்.ஏ ஏறத் தொடங்கும்போது நெஞ்சு படபடக்கும், பிறசர் கூடும், தாடை இறுகும். பழைய பயம் வரும்போதும் உடம்பு இதே குறிகளைத்தான் காட்டும். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தால் ஆள் மிரண்டுபோவார். அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவர் சொல்லும் ஆறுதலைவிட, அவரே நீளமாக விடும் ஒரு வெளிமூச்சு சீக்கிரம் வேலை செய்யும். ஆனால் கைவசம் இல்லாத பழக்கம் நெருக்கடியில் வராது, அதனால்தான் முன்கூட்டியே பழகச் சொல்கிறார்கள். நான்கு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே. நிமிடத்துக்கு ஆறு மூச்சு. இந்த அளவில் இதயத் துடிப்பு மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்கும், உடம்பு தணியும். நாளுக்குப் பத்து நிமிடம் போதும். மூச்சை அடக்க வேண்டாம்.

இன்னொன்று. மனச்சோர்வுக்கான எஸ்.எஸ்.ஆர்.ஐ வகைக் குளிசைகள் எம்.டி.எம்.ஏயின் வேலையை மங்கச் செய்யும். அதற்காகத் தம்பி தானாக அவற்றை நிறுத்தக் கூடாது. எம்.ஏ.ஓ.ஐ என்ற பழைய வகையோடு சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. எடுக்கிற எல்லாவற்றையும் அங்குள்ள டொக்டரிடம் காட்டச் சொல்லுங்கள், நீங்கள் இங்கிருந்து அனுப்பும் சூரணம், லேகியம் உட்பட.

கேள்வி: இதை யாழ்ப்பாணத்தில் எங்கே செய்கிறார்கள்? (சாவகச்சேரி)

எங்கும் இல்லை. இலங்கையில் எம்.டி.எம்.ஏ, காட்சிகள் காண வைக்கும் எல்.எஸ்.டி எல்லாம் சட்டவிரோதம். ஒப்பரேசன் தியேட்டரில் மயக்கத்துக்குக் கொடுக்கும் கெட்டமினை வெளிநாடுகளில் மனச்சோர்வுக்கும் பயன்படுத்துகிறார்கள், அதுவும் மருத்துவர் கண்காணிப்பில்தான். யாராவது இரகசியமாக ஒழுங்கு செய்து தருவதாகச் சொன்னால், கையில் வருவது என்னவென்று கொடுக்கிறவருக்கே தெரியாது.

கேள்வி: சுவிஸில் மச்சான் வார இறுதி முகாம் ஒன்றில் வேகமாக மூச்சு விட்டு, எல்.எஸ்.டி எடுத்தது போல் காட்சி கண்டாராம். யூடியூப் பார்த்து நானும் அறையில் செய்யலாமா? (23 வயது, திருநெல்வேலி)

மச்சான் போனது ஹோலோட்ரோபிக் என்ற வேகமூச்சு முறையாக இருக்கும். பிராகில் எல்.எஸ்.டியை ஆராய்ந்த உளமருத்துவர் ஸ்ரானிஸ்லாவ் குரோஃப், அந்த மருந்து தடைசெய்யப்பட்ட பிறகு, 1970களின் நடுப்பகுதியில் கலிபோர்னியாவில் மனைவி கிறிஸ்டினாவோடு சேர்ந்து உருவாக்கியது. மருந்தில்லாமல் அதே இடத்துக்குப் போக முடியுமா என்பதுதான் அவர்களின் தேடல். ஆக, இரண்டுக்கும் உறவு பழையது.

உடம்புக்குள் நடப்பது மட்டும் வேறு. எல்.எஸ்.டி, செரட்டோனின் என்ற மூளை இரசாயனத்துக்கான ஏற்பிகளில் போய் உட்கார்கிறது. வேகமூச்சோ இரத்தத்தில் உள்ள காபனீரொட்சைட்டை வெளியே தள்ளிவிடுகிறது. அதனால் மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்கும், தலை கிறுகிறுக்கும், உதடு விறைக்கும், விரல்கள் கொக்கி போல் மடங்கி இறுகும். அதைப் பார்த்துப் பயந்து இன்னும் வேகமாக மூச்சு வாங்குகிறவர்களை அவசரப் பிரிவில் யாரும் பார்க்கலாம்.

இருதய வருத்தம், கட்டுப்படாத பிறசர், வலிப்பு, கண்ணில் குளுக்கோமா, கர்ப்பம், குடும்பத்தில் மனச்சிதைவு அல்லது இருதுருவ நோய்: இதில் ஒன்று இருந்தாலும் தொடக் கூடாது. ஒன்றும் இல்லாதவரும் தனியாகச் செய்யக் கூடாது. தண்ணீரில் செய்யவே கூடாது. கீரிமலைக் கேணியில் சுழியோடுவதற்கு முன் வேகவேகமாக மூச்சு இழுக்கும் பெடியள் இதைக் கவனியுங்கள். மூச்சு முட்டுகிற உணர்வைத் தருவது காபனீரொட்சைட்டுத்தான். அதைக் குறைத்துவிட்டு மூழ்கினால், மேலே வர வேண்டும் என்று தோன்றுவதற்கு முன்பே நினைவு தப்பிவிடும்.

கேள்வி: எம்.டி.எம்.ஏ எடுக்கும் நாளிலேயே வேகமூச்சையும் சேர்த்தால் பலன் இரட்டிப்பாகாதா? (மருத்துவ மாணவர்)

என் கருத்து: வேண்டாம். மருந்தே துடிப்பையும் பிறசரையும் ஏற்றிக்கொண்டிருக்கிறது, அதன் மேல் இன்னொரு சுமை எதற்கு? பெரிய ஆய்வுகள் அளந்தது மருந்தும் உளச்சிகிச்சையும் சேர்ந்த பலனை. வேகமூச்சின் பங்கை அல்ல. அந்த மருந்துக்கே சான்று போதாது என்று அமெரிக்காவில் மருந்துகளுக்கு அனுமதி கொடுக்கும் எஃப்.டி.ஏ 2024 ஓகஸ்டில் எம்.டி.எம்.ஏக்கு அனுமதி மறுத்துவிட்டது. இந்தச் சிகிச்சையில் மூச்சு ஆளைத் திரும்பக் கொண்டுவருவதற்கு. இன்னும் தூரம் அனுப்புவதற்கு மருந்து இருக்கிறது.

கேள்வி: யோகா வகுப்பு நடத்துகிறேன். யுத்தத்தில் பாதிக்கப்பட்ட சிலர், கும்பகம் (மூச்சை உள்ளே அடக்குதல்) செய்யும்போது எழும்பிப் போய்விடுகிறார்கள். 16 எண்ணி இழுத்து, 64 எண்ணி அடக்கி, 32 எண்ணி விடும் கணக்கில்தான் சொல்லிக்கொடுக்கிறேன். எங்கே பிழை? (நல்லூர்)

அவர்களில் பிழை இல்லை. பங்கருக்குள், இருட்டில், செல் விழும் சத்தத்துக்கு மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்த ஒருவரிடம் 'கண்ணை மூடுங்கள், மூச்சை அடக்குங்கள்' என்றால், அவர் உங்கள் வகுப்பில் இருக்க மாட்டார். அந்தப் பங்கருக்கே போய்விடுவார். 64 எண்ணும் கும்பகம் பல காலம் பழகியவர்களுக்கானது. இவர்களுக்குக் கண் திறந்திருக்கட்டும், கால் நிலத்தில் பதிந்திருக்கட்டும், வாசல் தெரிகிற இடத்தில் இருக்கட்டும். வேகமாக மூச்சு விடும் கபாலபாதி, பஸ்திரிகா இரண்டையும் இப்போதைக்கு விடுங்கள்.

மூச்சைக் கவனிப்பதே கலவரம் தந்தால், மூச்சைப் பற்றிப் பேசாமலே அதை நீளமாக்கலாம். தேவாரத்தை ஆறுதலாகப் பாடச் சொல்லுங்கள். செபமாலையையும் யோக மந்திரத்தையும் ஒப்பிட்டு இத்தாலிய ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டுமே மூச்சை நிமிடத்துக்கு ஆறு அளவுக்கு இறக்கின. குருநகர் அம்மா 'அருள் நிறைந்த மரியே' சொல்லும்போதும் நடப்பது அதுவாக இருக்கலாம். யுத்த காலத்திலேயே உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் செபம், தியானம், மூச்சு என்று அவரவர் சமய வழியை உளச்சிகிச்சையோடு சேர்த்தார்கள்.

கேள்வி: ஊமத்தையும் இதே வகைதானே? (பெயர் வேண்டாம் என்றவர்)

இல்லை, அது நஞ்சு. அதில் உள்ள அத்ரோபின், ஸ்கொபோலமின் இரண்டும் ஆளைப் பிதற்ற வைக்கும். எதிரில் நிற்கிறவரைத் தெரியாது, உடம்பு கொதிக்கும், வாய் வறளும். யாராவது சாப்பிட்டுவிட்டால் 1990க்கு அழைத்து அம்புலன்ஸ் எடுங்கள்.

கேள்வி: கனடாவில் சிலோசைபின் சிகிச்சை முடிந்த கையோடு கணவர் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்திருக்கிறார். சின்ன விஷயத்துக்கும் அழுகிறார். வேகமூச்சு செய்தால் மிச்சமும் வெளியே வந்துவிடும் என்கிறார். விடலாமா?

விட வேண்டாம். அழுகை பிழையில்லை. சில நாட்களுக்கு மனம் தோலில்லாமல் இருப்பது வழமைதான். வெளியே வந்ததற்கு முதலில் ஓர் ஒழுங்கு வரட்டும். நித்திரை, நேரத்துக்குச் சாப்பாடு, விடிய ஒரு நடை, நான்கு-ஆறு மூச்சு. திருவிழாச் சனத்துக்குள் நாள் முழுக்க இழுத்துக்கொண்டு திரிய வேண்டாம். காணி விற்பது, வேலையை விடுவது போன்ற முடிவுகளையும் தள்ளிப்போடச் சொல்லுங்கள். கனடாவில் உள்ள சிகிச்சையாளரோடு வீடியோவில் பேசட்டும்.

ஆனால் இரண்டு மூன்று இரவு நித்திரையே இல்லாமல் உற்சாகமாக இருந்தால், ஆட்களைச் சந்தேகப்பட்டால், சாவு பற்றிப் பேசினால், காத்திருக்காதீர்கள். யாழ் போதனா வைத்தியசாலைக்கு உடனே கூட்டிக்கொண்டு போங்கள். இரவில் ஆலோசனை தேவைப்பட்டால் தேசிய உளநல நிறுவனத்தின் 1926க்கு அழையுங்கள். என்ன மருந்து, எந்தத் திகதி, எவ்வளவு என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். மற்ற மருந்தை அதைப் பார்த்துத்தான் தீர்மானிக்க முடியும்.