பரிசோதனைக்கு வர அம்மா தயங்கினால்

கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்குக் கூப்பிட்டால், "எனக்குத்தான் ஒன்றுமில்லையே" என்று அம்மா மறுக்கிறார், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அது பெரும்பாலும் பிடிவாதம் இல்லை, கூச்சமும் பயமும்தான். உள்ளே என்ன நடக்கும் என்று முதலில் சொல்லுங்கள். நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஸ்பெகுலம் என்ற கருவியால் பிறப்புறுப்பை மெதுவாக விரித்து, கருப்பைவாயில் வினிகர் போன்ற நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பார்கள். மாறுதல் உள்ள இடம் வெளுத்துத் தெரியும். வெளுத்தாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை. இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் மிரண்டு போய் அடுத்த சோதனைக்கே வரமாட்டார்.

புடவையோ தொளதொளப் பாவாடையோ கட்டிக்கொண்டு போகட்டும், முழுக்க அவிழ்க்க வேண்டியிருக்காது. பெண் செவிலியர் வேண்டும், திரையை இழுத்து மூடுங்கள் என்று தயங்காமல் கேட்கலாம். வலித்தால் நிறுத்தச் சொல்லலாம், அது அவர் உரிமை.

மாதவிடாய் நின்றுவிட்டதென்றால் அமிலச் சோதனை அவ்வளவு நம்பகமில்லை, வறட்சியால் வலியும் கூடலாம். அப்போது பாப் ஸ்மியர் (கருப்பைவாயின் செல்களை எடுத்துப் பார்ப்பது) அல்லது எச்.பி.வி. சோதனை (இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்பது) பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். எச்.பி.வி. சோதனைக்கு அம்மாவே மாதிரி எடுத்துக்கொள்ளும் முறையும் உண்டு, உலக சுகாதார நிறுவனமே அதைப் பரிந்துரைக்கிறது. அப்புறம், முடிவு சொல்லும்போது அவர் விரும்பினால் பக்கத்தில் இருங்கள்.