வேலூர் வெயில்ல நிக்கிற டாஷ்போர்டு

கேள்வி: சார், எங்க அப்பாவோட பழைய அம்பாசடருக்கு நானே பிளைவுட்ல தேக்கு வெனீர் (மெலிசா சீவுன மரத்தாள்) ஒட்டி டாஷ்போர்டு செஞ்சிருக்கேன், மூணு மாசமா ஞாயித்துக்கிழமை எல்லாம் அதுலயே போச்சு. இப்ப மேல என்ன பூசறதுன்னு தான் குழப்பம். ஆசாரி மெலமைன் பாலிஷ் போதும்ங்கறாரு, ஃப்ரெண்டு எபாக்ஸி பிசின் ஊத்துனா கண்ணாடி மாதிரி இருக்கும்ங்கறான், பெயின்ட் கடையில பி.யூ. (பாலியூரித்தேன் பூச்சு) வாங்கிக்கோங்கறாங்க. எது ரொம்ப நாள் நிக்கும்?
- வாசகர், சத்துவாச்சாரி

பதில்: பெயின்ட் கடைக்காரர் சொன்னது தான் சரி. ஆனா வெறும் பி.யூ.ன்னு கேட்டு வாங்காதீங்க, வெளிப்புற மரத்துக்குன்னு போட்டிருக்கிற, பூச்ச இறுக வைக்கிற ஹார்டனர் தனி டப்பாவுல வர்ற டூ-பேக் பி.யூ. கிளியர், அதுவும் மேட் ஃபினிஷ்னு கேளுங்க. உள்வேலைக்கு விக்கிற பி.யூ.ல பல ரகம் வெளிச்சம் பட்டா மஞ்சளாயிடும், வெளி ரகம் அவ்வளவு சீக்கிரம் மாறாது.

ஏன் இவ்வளவு அழுத்தி சொல்றேன்னா நம்ம ஊர் சூடு அப்படி. அமெரிக்காவுல அரிசோனா பக்கம் 2018ல ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, கோடை வெயில்ல ஒரே ஒரு மணி நேரம் நிறுத்தி வச்ச கார்ல டாஷ்போர்டு மேல சராசரியா 69 டிகிரி செல்சியஸ் இருந்துச்சு. அது பாலைவன ஊருன்னு தள்ளிட முடியாது, கத்திரி வந்துட்டா வேலூர்ல நிழல்லயே 40ஐ தாண்டுது, கோட்டைக்கு எதிர்ல மதியானம் வண்டிய விட்டுட்டு வந்து கதவ தொறந்தவங்களுக்கு நான் சொல்லவே தேவையில்ல. முன் கண்ணாடி நடுவுல பிளாஸ்டிக் படலம் வச்ச லேமினேட்டட் கண்ணாடியா இருந்தா புற ஊதா கதிர்ல பெரும்பகுதிய அதுவே தடுத்துடும், ஆனா சூட்ட தடுக்காது. அதனால உங்க டாஷ்போர்டுக்கு முதல் எதிரி சூடு தான்.

இந்த கணக்குல ஒவ்வொண்ணா பாருங்க. ரூம் சூட்டுலயே இறுகற சாதாரண எபாக்ஸி 50, 60 டிகிரியிலயே இளக ஆரம்பிக்கும். உடனே ஓடிடாது, ஆனா மேல வச்ச சாவிக்கொத்தோட அச்சு அப்படியே பதிஞ்சிடும், போகப்போக மஞ்சளும் ஆயிடும். நான் பல வருஷம் முன்னாடி ஒரு வேனுக்கு இப்படி ஊத்தி கொடுத்தேன், ஒரே கோடையில சாமி சிலை வச்ச இடம் குழி விழுந்து போச்சு, அந்த வண்டிக்காரர் மூஞ்சிய பாக்கவே எனக்கு கஷ்டமா இருந்துச்சு. அரக்கு பாலிஷ் அழகு தான், ஆனா அரக்கு 75 டிகிரிக்கு பக்கத்துல இளகிடும், ஈர டம்ளர் வச்சா வெள்ளை வளையம் விழும். மெலமைன் வீட்டுக்குள்ள கட்டிலுக்கும் பீரோவுக்கும் அருமையான சாமான், ஆசாரி தப்பா சொல்லல. ஆனா அது இறுகுன பிறகு ரொம்ப விறைப்பா நிக்கும், வண்டிக்குள்ள மரம் தினமும் சூட்டுலயும் ஈரத்துலயும் விரிஞ்சு சுருங்கும்போது கூட வளையாம மயிரிழை மாதிரி வெடிப்பு விடும். மூடுன வண்டிக்குள்ள கண்ண எரிக்கிற அந்த வாடையும் கொஞ்ச நாளைக்கு இருக்கும்.

மேட் ஏன்னு கேப்பீங்க. பளபளன்னு இருந்தா டாஷ்போர்டோட நிழல் அப்படியே முன் கண்ணாடியில விழும், பெங்களூர் ரோட்ல சாயங்காலம் மேக்கால வெயில் எதிர்ல அடிக்கும்போது முன்னாடி போற லாரியே சரியா தெரியாது. கண்ணாடிக்கு கீழ வர்ற மேல் பகுதியாவது கண்டிப்பா மேட்டா இருக்கட்டும், ஸ்டெயின் (மரச்சாயம்) கொடுத்து கொஞ்சம் கருப்பா பண்ணிட்டா இன்னும் நல்லது.

இப்ப பூசற விஷயம், இதுல தான் நெறய பேர் கோட்டை விடறாங்க. மீட்டர் ஓட்டை, சுவிட்ச் ஓட்டை, ஸ்குரு ஓட்டை எல்லாத்தையும் முதல்லயே போட்டு முடிச்சிடுங்க, பூசுன பிறகு ட்ரில் வச்சா ஓரம் பேந்துடும், அந்த வழியா ஈரம் போயி வெனீர் தூக்கும். பின்பக்கம், ஓரம், ஓட்டையோட உள்சுவர்னு ஒரு இடம் விடாம சீலர், அதாவது மரத்தோட துளைய அடைக்கிற அடிப்பூச்சு, போகணும். முன்பக்கம் மட்டும் பூசிட்டு பின்பக்கத்த பச்சையா விட்டீங்கன்னா பலகை வில்லு மாதிரி வளைஞ்சிடும். நீங்க எடுத்தது ஐ.எஸ். 710 முத்திரை போட்ட மெரைன் பிளைவுட்டா இருந்தா கவலை கம்மி, வேற யாராவது மரத்தூள அழுத்தி செஞ்ச எம்.டி.எஃப். பலகையில செஞ்சிருந்தா ஓரத்துக்கு ரெண்டு மூணு தடவ கூட சீலர் கொடுங்க.

உப்புத்தாள் 180 நம்பர்ல ஆரம்பிச்சு 240, 320னு மரத்தோட ரேகை போற பக்கமே தேய்ங்க, வெனீர் பேப்பர் மாதிரி மெலிசு, அழுத்தினா பிளைவுட் வெளிய வந்துடும். அப்புறம் சீலர், காஞ்சதும் 400ல லேசா தேய்ச்சு தூசி தொடச்சிட்டு பி.யூ. மூணு கோட்டு மெலிசா. ஒரே கோட்டுல தடிமனா அடிச்சா வழியும், உள்ள தின்னர் மாட்டிக்கிட்டு குமிழ் விடும். ஹார்டனர் எவ்வளவுன்னு டப்பாவுல போட்டிருக்கிற அளவு தான், சீக்கிரம் காயட்டும்னு கூட ஊத்தாதீங்க. காலையில எட்டு மணி வாக்குல அடிங்க, மதியான சூட்டுல அடிச்சா பூச்சு பலகைய தொடறதுக்குள்ளயே காஞ்சு ஆரஞ்சு தோல் மாதிரி ஆயிடும், ஐப்பசி மழையில அடிச்சா காத்துல இருக்கிற ஈரம் ஹார்டனரோட சேந்து பொரிப்பொரியா குமிழ் கட்டும். தை மாசி தான் நம்ம பக்கம் தோதான காலம். தொட்டா ஒட்டலன்னு மறுநாளே வண்டியில மாட்டிடாதீங்க, முழுசா இறுக ஒரு வாரம் விடுங்க.

அந்த ஹார்டனர்ல ஐசோசயனேட்னு ஒண்ணு இருக்கு, ஸ்ப்ரே பண்ணும்போது மூச்சுல போனா ஆஸ்துமாவே வந்துடும், ஒரு தடவ ஒத்துக்காம போச்சுன்னா அப்புறம் கொஞ்சம் பட்டா கூட இழுக்கும். கர்சீப் கட்டிக்கிட்டு அடிக்கறத நம்ம ஊர் ஷெட்டுல தினமும் பாக்கறேன், மனசு பதறுது. பெயின்ட் வேலைக்குன்னு விக்கிற கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வாங்குங்க, இல்ல காத்து வசதியோட பூத் வச்சிருக்கிற பெயின்டர் கிட்ட கொடுத்துடுங்க.

பூசறதுக்கு முன்னாடி மீந்த வெனீர் துண்டுல இதே மாதிரி அடிச்சு வண்டி முன் கண்ணாடிக்கு அடியில ஒரு மாசம் போட்டு வைங்க, நிறம் மாறுதா, நகத்தால கீறினா உரியுதான்னு பாத்துட்டு அப்புறம் டாஷ்போர்டுல கை வைங்க. மூணு மாச உழைப்பு அது.

கேள்வி: எங்க ஊர்ல தோல் சுலபமா கிடைக்குது, செஞ்ச டாஷ்போர்டு மேல தோலே ஒட்டிடலாமா? ரெக்ஸின் நல்லதா?
- வாசகி, ராணிப்பேட்டை

பதில்: ஒட்டலாம்மா, ஆனா எந்த தோல்னு பாக்கணும். நம்ம பக்கம் ஆவாரம்பட்டை, கடுக்கா போட்டு பதனிட்ட தோல் ரொம்ப பேர் போனது தான், ஆனா டாஷ்போர்டு சூட்டுல அது கருக்கும், சுருங்கி ஓரத்த இழுக்கும். குரோம்ல பதனிட்டு மேல நிறப்பூச்சு கொடுத்த, சோபாவுக்கோ கார் சீட்டுக்கோன்னு செஞ்ச தோல கேளுங்க, ஆம்பூர்ல ஷூவுக்கு வெட்டுன மிச்சத் துண்ட வேணாம், அகலமும் பத்தாது. தோலும் சரி ரெக்ஸினும் சரி, முதல்ல பசை தான் விடும், அதுவும் மீட்டருக்கு மேல உள்வாங்குன வளைவுல. அதனால சூடு தாங்கற பசைன்னு எழுதியிருக்கிறத வாங்கி ரெண்டு பக்கமும் தடவி, கையில ஒட்டாத பதத்துக்கு காஞ்சப்புறம் ஒட்டுங்க, வளைவுல இழுத்து ஒட்டாம அந்த இடத்துல தையல் போட சொல்லுங்க. பட்ஜெட் கம்மின்னா நல்ல ரெக்ஸினே போதும், தொடச்சா போதும்ங்கற வசதி அதுல இருக்கு. மேல பளபளப்புக்கு சிலிகான் ஸ்ப்ரே மட்டும் அடிக்காதீங்க, பின்னாடி பெயின்ட் அடிக்க நெனச்சா மீன் கண்ணு மாதிரி வட்ட வட்டமா விலகும், அத சுத்தமா எடுக்கறது பெரிய பாடு.

கேள்வி: என் புது கார் டாஷ்போர்டு மேலயும் இப்படி தோல் ஒட்டலாமா?
- வாசகர், குடியாத்தம்

பதில்: இடது பக்கம் ஏர்பேக்னு எழுதியிருந்தா அந்த மூடி மேலயும் அதோட விளிம்பு மேலயும் தோல், ரெக்ஸின், பெயின்ட் எதுவுமே வேணாம். அடி படும்போது கண் இமைக்கற நேரத்துக்குள்ள அந்த மூடி கிழிஞ்சு தொறக்கணும், மேல ஒட்டுனது அத தடுக்கும், இல்லன்னா பிச்சிக்கிட்டு பக்கத்துல உக்காந்தவங்க முகத்துல அடிக்கும். சன்ஷேடு வாங்கி போடுங்க, அது போதும்.