பக்ரீத்துக்கு குர்பானி ஆடு வாங்குறீங்களா? எடைக்கு முன்னாடி வாயைத் திறந்து பாருங்க

கேள்வி: கொங்கணாபுரம் சனிச்சந்தையில ஒரு வெள்ளாட்டுக் கிடா வாங்குனோம். ஆறு மாசம் முடிஞ்சா போதும் பாய், இது எட்டு மாசம், ஜோரா இருக்குன்னு வியாபாரி சொன்னாரு. குட்டியானையில ஏத்திட்டு வந்ததுல இப்ப பின்னங்கால் வேற நொண்டுது. ஆட்டைத் திருப்பி எடுத்துக்க மாட்டேங்குறாரு. இதையே குடுத்துரலாமா? அறுக்க வர்றவரு கூலிக்குப் பதிலா தோலைக் கேக்குறாரு, அது சரியா?
(கிச்சிப்பாளையம் வாசகர்)

பதில்: கால் இருக்கட்டும், முதல்ல வயசைப் பேசுவோம், ஏன்னா உங்க ஆடு அதுலயே அடிபட்டுப் போகுது. ஆறு மாசக் கணக்கு செம்மறிக்கு மட்டும்தான், அதுவும் ஹனஃபி மத்ஹபுல (இஸ்லாமியச் சட்டப் பிரிவுகள்ல ஒண்ணு), பார்க்க ஒரு வருஷ ஆடு மாதிரி வளர்ந்திருந்தா. வெள்ளாட்டுக்கு ஒரு வருஷம் முழுசா முடியணும், இன்னொரு பிரிவான ஷாஃபி மத்ஹப்னா ரெண்டு வருஷம். நம்ம ஊர்ப் பக்கம் இதுல ஒரு குழப்பம் இருக்கு, மேச்சேரி ஆடு செம்மறிதான், ஆனா கம்பளி இல்லாம மொழுமொழுன்னு இருக்கிறதால புதுசா வாங்குறவங்க வெள்ளாடுன்னே நினைச்சுக்குவாங்க, சில வியாபாரிங்க அதையே திருப்பிப் போட்டு வெள்ளாட்டுக் குட்டிக்கு செம்மறிக் கணக்கு சொல்லி தள்ளிவிட்டுருவாங்க. வாலைப் பாருங்க, தூக்கிக்கிட்டு இருந்தா வெள்ளாடு, தொங்குனா செம்மறி. அப்புறம் கீழ்த்தாடையைத் திறந்து பாருங்க, நடுவுல ரெண்டு பெரிய பல்லு முளைச்சிருந்தா வருஷம் தாண்டிருச்சுன்னு அர்த்தம். பல்லு போடலைனாலும் வயசு நிச்சயமாத் தெரிஞ்சா (வீட்டுலயே பிறந்த ஆடு மாதிரி) ஹனஃபியில கூடும், பல்லு அடையாளம்தான். உங்க ஆளு அவர் வாயாலயே எட்டு மாசம்னுட்டாரே, அப்புறம் என்ன.

நொண்டிக்கு வருவோம். கண்ணு குருடு நல்லாத் தெரியுறது, நோய் தெரியுறது, நொண்டி தெரியுறது, எலும்புல மஜ்ஜை கூட இல்லாத அளவுக்கு மெலிஞ்சது, இந்த நாலும் கூடாதுன்னு ஹதீஸ்ல (நபிமொழியில) இருக்கு. அந்தக் காலை ஊணி ஊணி நடந்தா பரவாயில்ல, தரையிலயே வைக்காம மூணு கால்ல குதிச்சா கூடாது. வாங்குனதுக்கு அப்புறம் குறை வந்தாலும், குர்பானி கடமையான வசதி உள்ளவர் வேற ஆடுதான் குடுக்கணும், கடமை இல்லாதவர் ஆசைப்பட்டு வாங்குனதுன்னா அதையே குடுக்கலாம்னு ஹனஃபி ஃபிக்ஹ் (மார்க்கச் சட்டம்) சொல்லுது. இந்தக் கிடாவை வச்சு வளருங்க, இல்ல வித்துருங்க, ஆனா காலைச் சொல்லி வில்லுங்க.

பணம் திரும்ப வருமான்னா, கஷ்டம்தான். பில் கிடையாது, கையில காசு குடுத்திருப்பீங்க. நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் போடலாம், 2 வருஷத்துக்குள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், ஆனா பக்ரீத்துக்குள்ள எதுவும் நடக்காது. அடுத்த தடவை ஜிபேல போடுங்க, ஆட்டோட வயசையும் விலையையும் ஒரு வாட்ஸப் மெசேஜா அவரையே அனுப்பச் சொல்லுங்க. உயிர் எடைக்கு வாங்குனா கண்ணு முன்னாடி நிறுத்திட்டுப் பேசுங்க, 30 கிலோ ஆட்டுல கறி ஏறக்குறைய பாதிதான் தேறும், அதோட சந்தைக்கு வர்றதுக்கு முன்னாடி தண்ணி குடிக்க வச்சிருந்தா அந்தத் தண்ணிக்கும் நீங்கதான் காசு குடுக்கணும்.

தோலைக் கூலியா குடுக்கவே கூடாது. அறுக்கிறவருக்கு அதுல இருந்து எதுவும் கூலியா குடுக்காதீங்கன்னு நபி ஸல் அவங்க அலி ரலி அவங்ககிட்ட சொல்லியிருக்காங்க, கூலி உங்க பாக்கெட்டுல இருந்துதான் போகணும். கூலி குடுத்து முடிச்சுட்டு அன்பளிப்பா கறி குடுத்தா தப்பில்ல. தோலை நீங்களே வச்சுக்கலாம், மதரஸாவுக்குக் குடுக்கலாம், வித்தா அந்தக் காசு ஏழைங்களுக்குத்தான்.

உங்க கேள்வியில "இதையே குடுத்துரலாமா"ன்னு இருக்கு பாருங்க, அதுதான் எனக்கு உறுத்துச்சு. அதோட கறியோ ரத்தமோ அல்லாஹ்வைப் போய்ச் சேராது, உங்க தக்வா (இறையச்சம்) தான் சேரும்னு குர்ஆன் 22:37ல இருக்கு. அதனால கிடைச்சதைத் தள்ளிவிடுற கணக்கு இங்க வேண்டாம். அவசரமும் இல்ல, பெருநாள் தொழுகை முடிஞ்சதுல இருந்து துல்ஹஜ் மாசம் 12 மக்ரிப் (சூரியன் மறையுற நேரம்) வரைக்கும் டைம் இருக்கு, ஷாஃபி காரங்களுக்கு 13 வரைக்கும். நடுவுல ஒரு சனிக்கிழமை வந்தா, பல்லு பார்க்கத் தெரிஞ்ச ஒருத்தரைக் கூட்டிக்கிட்டு சந்தைக்குப் போயிட்டு வாங்க.