கோப்பி இல்லாமல் மாலை வரை சோர்வின்றி வேலை செய்ய முடியுமா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்ட ஆபிசில் கிராணி (குமாஸ்தா) வேலை, விடியற்காலைப் பெரட்டிலிருந்து (ஆள் கணக்கெடுப்பிலிருந்து) நாலு கோப்பி-ஓ (பால் சேர்க்காத கோப்பி) இல்லாமல் நாள் ஓடவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். ஆனால் ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி பிடித்துக்கொள்ளலாம், சிலருக்கு ஒரு வாரம்கூட இழுக்கும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அரை கிளாஸ் என்று குறையுங்கள், மாலைக் கோப்பியை முதலில்.

காரணம் இருக்கிறது. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்து தூக்கத்தைக் கூட்டுகிறது. கோப்பியில் இருக்கும் காஃபின் அதை அகற்றுவதில்லை. அடினோசின் உட்கார வேண்டிய இடத்தில் காஃபின் போய் உட்கார்ந்துகொள்கிறது. குடித்ததில் பாதி வெளியேறவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். மாலை 4 மணிக் கோப்பி இரவு 9 மணிக்கும் உடம்பில் பாதி இருக்கும். இருட்டோடு எழுகிற உங்களுக்கு அந்த ராத்தூக்கம்தான் பெரிய மருந்து.

அப்புறம், தலையைப் பிடிக்கும் சம்பளக் கணக்கைக் காலையில் பசியாறிய கையோடு முடித்துவிடுங்கள். மதியம் சோற்றைக் கொஞ்சம் குறைத்து மீனும் பருப்பும் கூட்டுங்கள். சாப்பிட்டபின் 15 நிமிடம் கண்ணை மூடினால் போதும், அதற்குமேல் வேண்டாம். தேத்தண்ணியிலும் காஃபின் உண்டு, அதையும் கணக்கில் சேருங்கள்.