லைசென்ஸ் சர்வர் லாகில் என்னதான் எழுதியிருக்கிறது? கேள்வி பதில்

ஃபிளெக்ஸ்எல்எம் (இப்போதைய பெயர் ஃபிளெக்ஸ்நெட்) வகை லைசென்ஸ் சர்வரின் (மென்பொருள் லைசென்ஸ்களை நெட்வொர்க்கில் பலருக்கும் பகிர்ந்து கொடுக்கும் சர்வர்) டீபக் லாக், அதாவது யார் எப்போது லைசென்ஸ் கேட்டார் என்று அது எழுதிவைக்கும் பதிவு பற்றி வந்த கேள்விகள் இவை. மேட்லேப், ஆன்சிஸ் எல்லாம் நெட்வொர்க் லைசென்ஸில் ஓடும் இடங்களில் இந்த லாகைப் பார்த்திருப்பீர்கள்.

கேள்வி: அண்ணா, போன மாத லாகில் டினைட் (லைசென்ஸ் மறுக்கப்பட்டது) என்று மட்டும் 400 வரி இருக்கிறது. இன்னும் 10 லைசென்ஸ் வேண்டும் என்று மேனேஜரிடம் கேட்கலாமா?

கொஞ்சம் பொறுங்கள். 400 வரி என்றால் 400 பேர் திரும்பிப் போனார்கள் என்று அர்த்தமில்லை. ஒருவர் கடுப்பில் ஐந்து முறை ஐகானைத் தட்டினால் ஐந்து டினைட் விழும். அதனால் ஒரே பயனர், ஒரே ஃபீச்சர் (மென்பொருளில் தனி லைசென்ஸ் உள்ள ஒரு பகுதி), ஒரு சில நிமிட இடைவெளி என்றால் அதை ஒன்றாகவே எண்ணுங்கள். அடுத்து வரியின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள், விஷயமே அங்கேதான் இருக்கிறது. -4 என்றால் நிஜமாகவே எல்லா லைசென்ஸும் வெளியே போயிருக்கிறது. -5 என்றால் அப்படி ஒரு ஃபீச்சரே சர்வரில் இல்லை, -10 என்றால் காலாவதி. -38, -39 இரண்டும் உங்கள் ஆப்ஷன்ஸ் ஃபைலில் (யாருக்கு எது கிடைக்கலாம் என்று சர்வருக்கு எழுதிக் கொடுக்கும் ஃபைல்) நீங்களே போட்ட தடை. அதற்குக் காசு கொடுத்து லைசென்ஸ் வாங்கினால் சிரிப்பார்கள். அதே ஃபைலில் ரிசர்வ் வரி ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள், ஒரு குழுவுக்கு ஒதுக்கி வைத்தது சும்மா கிடக்கும்போதே அடுத்தவருக்கு டினைட் வரும்.

இன்னொன்று, சில மென்பொருட்கள் முதலில் ஒரு ஃபீச்சரைக் கேட்டுப் பார்த்து, கிடைக்காவிட்டால் வேறொன்றை எடுத்துக்கொள்ளும். டினைட்டுக்கு அடுத்த சில நொடியில் அதே ஆளுக்கு அவுட் (லைசென்ஸ் கொடுக்கப்பட்டது) என்ற வரி இருந்தால் அவருக்கு எதுவும் தெரிந்தே இருக்காது. நானே ஆரம்பத்தில் இதைக் கவனிக்காமல் ஒரு பெரிய எண்ணை எழுதிக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

கேள்வி: வரிகளில் நேரம் மட்டும்தான் இருக்கிறது, தேதியைக் காணோமே?

நடுநடுவே டைம்ஸ்டாம்ப் என்று ஒரு வரி வரும், தேதி அதில்தான். மேலிருந்து படித்துக்கொண்டே வந்து, நேரம் 23லிருந்து 0க்குக் குதித்தால் ஒரு நாள் கூட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: சார், ஒரே சமயத்தில் அதிகபட்சம் எத்தனை பேர் பயன்படுத்தினார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஃபீச்சர் வாரியாகப் பிரித்து, அவுட் வந்தால் கூட்டுங்கள், இன் (லைசென்ஸ் திரும்பி வந்தது) வந்தால் கழியுங்கள், நடுவில் எட்டிய உச்சம்தான் விடை. சில வரிகளின் முடிவில் 4 லைசென்ஸ் என்பதுபோல் இருக்கும், அதற்கு ஒன்று அல்ல, நான்கு கூட்ட வேண்டும். சர்வர் ரீஸ்டார்ட் ஆன இடத்தில் கணக்கைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். சர்வர் திடீரென்று செத்திருந்தால் இன் வரிகள் எழுதப்பட்டிருக்காது, திரும்ப எழுந்ததும் பழைய ஆட்களே மறுபடி அவுட் என்று வருவார்கள். இதை விட்டுவிட்டால் 20 லைசென்ஸ் இருக்கும் இடத்தில் 35 பேர் என்று ரிப்போர்ட் வரும்.

கேள்வி: காலை 9 மணிக்குத் திறந்துவிட்டு மீட்டிங் போய்விடுகிறார்கள். அதை லாகில் பிடிக்க முடியுமா?

நேரடியாக முடியாது. அவுட்டுக்கும் இன்னுக்கும் இடையே லைசென்ஸ் அவர் கையில் இருந்தது, அவ்வளவுதான்; வேலை பார்த்தாரா, டீ குடித்தாரா என்று சர்வருக்குத் தெரியாது. ஆப்ஷன்ஸ் ஃபைலில் டைம்அவுட் போட்டால் சும்மா கிடப்பதை சர்வரே பிடுங்கிக்கொள்ளும், இன் வரியில் இன்ஆக்டிவ் என்று குறிப்பும் விழும். நொடிக் கணக்கில் கொடுக்க வேண்டும், பொதுவாக 900க்குக் கீழே போகாது. மென்பொருளும் இதற்கு ஒத்துழைக்க வேண்டும், எல்லாம் ஒத்துழைப்பதில்லை.

கேள்வி: ஒருவருக்கு -15 பிழை வருகிறது. லாகில் அவர் பெயரே இல்லை!

இருக்காது. -15 என்றால் சர்வரைத் தொடவே முடியவில்லை, வாசலுக்கு வராதவரை எப்படிப் பதிவு செய்யும்? ஃபயர்வாலைப் பாருங்கள். பெரும்பாலும் 27000 முதல் 27009 வரையிலான போர்ட்டில் ஒன்றைத் திறந்துவிட்டு, வெண்டர் டீமனுக்கு (அந்த மென்பொருள் நிறுவனத்தின் லைசென்ஸ்களைக் கவனிக்கும் தனி நிரல்) தனி போர்ட் உண்டு என்பதை மறந்திருப்பீர்கள். லைசென்ஸ் ஃபைலில் அதை நிர்ணயிக்காவிட்டால் ரீஸ்டார்ட்டுக்கு ரீஸ்டார்ட் அது மாறக்கூடும், "நேற்று வரை வேலை செய்ததே" என்பார்கள்.

கேள்வி: ரீஸ்டார்ட் செய்ததும் பழைய லாக் முழுக்கப் போய்விட்டது.

லாக் ஃபைல் பாதைக்கு முன்னால் ஒரு + குறி போடுங்கள். அது இல்லையென்றால் பழையதன் மேலேயே எழுதும். போனது போனதுதான், பேக்கப்பில் தேடுங்கள்.