ஒரே மூச்சில் பார்க்க வைக்கும் தொடரில் அப்படி என்ன இருக்கிறது?

அத்தியாயக் கடைசியில் ஒரு திருப்பம் வைத்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. திருப்பம் அடுத்த அத்தியாயத்தைத் திறக்க வைக்கும், அவ்வளவுதான். உட்கார வைப்பது வேறு.

புஷ்கர்-காயத்ரி உருவாக்கி 2022-இல் அமேசான் பிரைமில் வந்த 'சுழல்' தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு அத்தியாயங்கள். ஒரு சிற்றூரில் சிமெண்ட் ஆலை தீப்பிடிக்கிறது. தொழிற்சங்கத் தலைவரின் இளைய மகளும் காணாமல் போகிறாள். ஆரம்பத்திலேயே இரண்டு கேள்விகள். ஒன்றுக்குப் பதில் நெருங்கும்போது மற்றது பெரிதாகிவிடுகிறது. மனம் முடிவு தெரியாத விஷயத்தை எளிதில் விடாது.

ஆனால் என்னைப் பிடித்து வைத்தது புதிர் மட்டுமில்லை. சந்தேகம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு நகரும்போதெல்லாம் அந்த ஆளின் வீடு, கோபம், மறைத்து வைத்த துயரம் எல்லாம் நமக்குத் தெரிய வருகின்றன. 'யார் செய்தது?' என்று தொடங்கியவர்கள், கொஞ்ச நேரத்தில் 'இவர் இதை எப்படித் தாங்குவார்?' என்று கவலைப்பட ஆரம்பிக்கிறோம். பார்த்திபன் நடித்த அந்த அப்பா பாத்திரத்தின் மேல் எனக்கு வந்த எரிச்சல் பரிவாக மாறியது இப்படித்தான். கூடவே மயானக் கொள்ளைத் திருவிழா நாள் நாளாக நகர்கிறது. அது கதைக்குக் கடிகாரம் மாதிரி.

அப்புறம், எல்லா அத்தியாயங்களும் ஒரே நாளில் வெளியாவதும் ஒரு காரணம். நெட்ஃப்ளிக்ஸ் 2013-இல் 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' முதல் பருவத்தின் 13 அத்தியாயங்களையும் ஒன்றாகவே வெளியிட்டது. வாரக் கணக்கில் காத்திருக்கத் தேவையில்லாததால், சின்னக் குறிப்புகள்கூட நினைவில் நிற்கின்றன. எழுதுபவர் பழையதைத் திரும்பச் சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை.