தூரத்து மரம் தெரியாத நாளில் காற்றில் எவ்வளவு தூசி இருக்கிறது? கண்ணால் பார்த்துக் கணக்கிட முடியுமா?

கேட்டவர் கடலூர்க்காரர். மாடியிலிருந்து பார்த்தால் தூரத்துத் தோப்பு சில நாள் பளிச்சென்றும், சில நாள் புகை மூட்டம் போலவும் தெரிகிறது; வீட்டில் சின்ன சென்சாரும் இருக்கிறது; இரண்டையும் வைத்துத் தூசியைக் கணக்கிட முடியுமா என்கிறார்.

முடியும். நானும் மஞ்சக்குப்பத்தில் எங்கள் மொட்டை மாடியிலிருந்து நான்கு வருடமாக இதைக் குறித்து வருகிறேன். அம்மாவுக்கு வீசிங் இருக்கிறது. எந்த நாளில் அவரைக் காலை நடைக்கு அனுப்பலாம் என்று தெரிந்துகொள்ளத்தான் தொடங்கினேன்.

அடிப்படைச் சூத்திரம் எளிது. ஜெர்மன் அறிவியலாளர் கோஷ்மீடர் 1924இல் தந்தது. அடிவானத்தை ஒட்டி நிற்கும் கறுப்பான பொருள் எத்தனை கிலோமீட்டர் வரை தெரிகிறதோ, அந்த எண்ணால் 3.9ஐ வகுக்க வேண்டும். ஒரு கிலோமீட்டரில் காற்று எவ்வளவு ஒளியை மங்கச் செய்கிறது என்பது கிடைக்கும். 8 கி.மீ. வரை தெரிந்தால் 0.49. ஆயிரத்தால் பெருக்கி 490 என்று வைத்துக்கொண்டால் மேற்கொண்டு கணக்குப் போட வசதி.

கறுப்பான பொருளுக்கு நம் பக்கத்தில் பஞ்சமே இல்லை. சவுக்குத் தோப்பை விட நல்ல குறி கிடைக்காது. ஆனால் கடைசியாகத் தெரியும் தோப்பே 4 கி.மீ.யில் இருந்தால், அதைத் தாண்டி எவ்வளவு தூரம் தெரியும் என்று சொல்ல முடியாதே? அதற்குப் படம் எடுத்துப் பார்க்கலாம். அரை கி.மீ.யில் ஒரு தோப்பு, மூன்றரை கி.மீ.யில் இன்னொன்று. வானத்தை விடத் தோப்பு எவ்வளவு இருட்டாக இருக்கிறது என்பதை வானத்தின் வெளிச்சத்தால் வகுத்தால் வருவது மாறுபாடு. முதல் தோப்பின் மாறுபாடு 0.8, இரண்டாவதன் மாறுபாடு 0.2 என்றால், மூன்று கி.மீ.யில் நான்கில் ஒரு பங்காகக் குறைந்திருக்கிறது. நான்கின் இயல் மடக்கை (கால்குலேட்டரில் ln) 1.39, மூன்றால் வகுத்தால் 0.46. அதாவது தெரியும் தூரம் எட்டரை கி.மீ. போனில் ரா (RAW, திருத்தாத மூலப்) படமாக எடுங்கள். சாதாரணப் படத்தில் போனே மங்கலைத் திருத்திவிடும். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். காலையில் கிழக்கே கடல் பக்கம் பார்த்தால் உள்ளதை விட அதிக மங்கலாகத் தெரியும்.

இனிமேல்தான் சிக்கல். மங்கலுக்கும் எடைக்கும் ஒரே விகிதம் கிடையாது. புகையில் இருக்கும் நுண்துகள், அதாவது 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட பிஎம் 2.5, ஒரு கன மீட்டரில் ஒரு மைக்ரோகிராம் இருந்தால் உலர்ந்த காற்றில் அந்த 490 கணக்கில் ஏறக்குறைய 3.5 சேரும். சாலை மண் போன்ற பருந்தூசியில் அதே ஒரு மைக்ரோகிராமுக்கு 0.6தான். ஆகவே 490 முழுவதும் புகை என்றால் 140 மைக்ரோகிராம். முழுவதும் மண் தூசி என்றால் 800ஐத் தாண்டும். கண்ணுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மங்கல்.

அப்புறம் ஈரம். கடல் உப்புத் துகள் 75 சதவீத ஈரப்பதத்தில் கரைந்து துளியாகிவிடும். அமோனியம் சல்பேட் 80ஐ ஒட்டி. மார்கழி விடியலில் கடலோரத்தில் ஈரப்பதம் 90க்குப் போகும்போது, இருக்கும் அதே துகள் உப்பிப் பல மடங்கு ஒளியைச் சிதறடிக்கும். லேசரில் அளக்கும் வீட்டு சென்சாரும் இப்படியே ஏமாறும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தானியங்கி நிலையங்களில் காற்றைச் சூடாக்கி உலர்த்தி எடுப்பதால்தான் அங்கே எண் குறைவாக வருகிறது. மத்திய வாரியத்தின் சமீர் செயலியில் காட்டும் துகள் குறியீடு 24 மணி நேரச் சராசரி என்பதையும் மறக்க வேண்டாம். காலை ஏழு மணி மங்கலை அதோடு ஒப்பிடுவது சரியல்ல. நான் ஈரப்பதம் 85இல் என் சென்சார் எண்ணைப் பாதியாக்கிக் கொள்வேன். 90ஐத் தாண்டினால் எந்தக் கணக்கும் போடுவதில்லை.

இது தெரியாமல் ஒரு தவறு செய்தேன். மார்கழி முழுக்க சென்சாரில் நுண்துகள் 100, 110 என்று பார்த்துப் பயந்து அம்மாவை வெளியே விடவில்லை. பிறகு வைகாசியில், பக்கத்தில் சாலை வேலை நடந்த சமயம், மேலைக்காற்று அடித்த ஒரு முற்பகல். சென்சாரில் 40. மத்திய வாரியத்தின் 24 மணி நேர வரம்பான 60க்குள்தானே இருக்கிறது என்று கடைக்குப் போக விட்டேன். இரவு முழுக்க அவருக்கு இளைப்பு.

அன்றைய குறிப்பை எடுத்துப் பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். தெரியும் தூரம் 8 கி.மீ. ஈரப்பதம் 55, அதனால் மங்கலுக்கு ஈரத்தைக் காரணம் சொல்ல முடியாது. 490இல் சுத்தமான காற்றுக்கே ஒரு 10. நுண்துகள் 40க்கு, கொஞ்சம் ஈரத்தையும் சேர்த்து நான்கால் பெருக்கினால் 160. மீதி 320. அதை 0.6ஆல் வகுத்தால் 500 மைக்ரோகிராமுக்கு மேல் பருந்தூசி! பாதியாகவோ இரட்டிப்பாகவோ தவறியிருக்கலாம். பாதி என்றாலும் அதிகம்தான்; பிஎம் 10க்கான, அதாவது பருந்தூசியையும் சேர்த்து 10 மைக்ரான் வரையிலான துகளுக்கான, வரம்பு 100தான். மலிவு விலை சென்சார்களுக்குப் பருந்தூசி சரியாகத் தெரியாது. அவை காட்டும் பிஎம் 10 பெரும்பாலும் நுண்துகளை வைத்துப் போடும் ஊகம். அந்தக் குறையைத்தான் தோப்பு நிரப்புகிறது.

எனவே உங்களுக்கு என் யோசனை: விடியற்காலை மங்கலை விட்டுவிடுங்கள். பத்து மணிக்கு மேல் ஈரப்பதம் 70க்குக் கீழே வந்த பிறகு படம் எடுங்கள். சென்சார் எண்ணும் கூடவே ஏறியிருந்தால் புகை. சென்சார் குறைவாக இருந்தும் தோப்பு தெரியவில்லை என்றால் மண் தூசி. போகி அன்று முதல் வகையை நன்றாகவே பார்க்கலாம்.

ஒன்றை மட்டும் இந்த முறையில் பிடிக்க முடியாது. நீங்கள் சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் இருந்தால் இரவில் ரசாயன வாடை வருமே, அந்த வாயுக்கள் தோப்பை மறைப்பதில்லை. துகள் சென்சாரிலும் தெரியாது. வாடை வந்தால், தோப்பு எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும், சன்னலைச் சாத்திவிட்டு நேரத்தையும் காற்றின் திசையையும் எழுதி வையுங்கள். வாரியத்தில் புகார் கொடுக்கும்போது அந்தக் குறிப்பு தேவைப்படும்.